பார்த்துக்கொண்டிருந்தவர்

வீடு பார்க்கப் போன அன்று ஆன்ட்டி எங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பாம்புன்னா பயமா?"

எத்தனை பேர், எங்கே வேலை, சைவமா அசைவமா என்றெல்லாம் கேட்பார் என்று நானும் என் கணவர் முரளியும் பதில்களைத் தயார் செய்துகொண்டு போயிருந்தோம். எனக்குப் பயம்தான் என்றேன்.

"நல்லது. பயப்படறவங்க தள்ளி நிப்பாங்க. தைரியசாலிதான் கட்டையைத் தூக்கிட்டு வருவான்" என்று சொல்லி மாடிச் சாவியை என் கையில் வைத்தார்.

அடையாறில், ஆற்றங்கரையில் போய் முடிகிற ஒரு தெருவின் கடைசி வீடு அது. தெருவில் மற்ற எல்லாமே அடுக்குமாடிகளாகிவிட்டிருந்தன. இந்த ஒன்று மட்டும் மாடியும் கீழுமாக, பின்னால் பெரிய கொல்லையோடு மிச்சமிருந்தது. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் முள் புதர், அதைத் தாண்டினால் ஆறு. கோடையில் ஆறு நாறும். மழைக்காலத்தில் அதன் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும். கீழே ஆன்ட்டியும் அவர் கணவரும் இருந்தார்கள். தெருவில் எல்லோரும் அவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

ஆன்ட்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுவதும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தவர். ஓய்வுக்குப் பிறகு பைனாகுலருக்கு மாறியிருந்தார். அதன் தோல்வார் எப்போதோ அறுந்துபோய், ஷூ லேஸ் ஒன்றைக் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். மண் நிறத்திலும் சருகு நிறத்திலும்தான் புடவை. கொல்லைப்படியை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாரென்றால் பக்கத்தில் காபி ஆடை கட்டிக் கிடக்கும், எறும்பு வந்து டம்ளரில் ஏறும், அவர் அசைய மாட்டார். துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போகும்போது மேலிருந்து பார்ப்பேன். சில நாள், மூச்சு விடுகிறாரா என்று சந்தேகம் வரும்.

நாங்கள் குடிவந்த வருடம் மே மாதத்தில்தான் அவர் கொல்லையில் குளம் வெட்டினார். ஆறு பக்கத்திலேயே இருந்ததால் இடுப்பளவு தோண்டியதுமே ஊற்று எடுத்துக்கொண்டது. நடுவில் ஆள் மார்பளவுக்கு ஆழம் வேண்டும், அப்போதுதான் கோடையில் வற்றாது என்றார். ஒரு பக்கம் மட்டும் சரிவாக இருக்கட்டும் என்று வெட்டியவர்களிடம் அடித்துச் சொன்னார்.

"எதுக்கும்மா சரிவு? நாலு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாத்தான பாக்க லட்சணமா இருக்கும்" என்றார் ஒருவர்.

"உள்ள விழறது ஏறி வரணும்ல" என்றார் ஆன்ட்டி.

அங்கிளுக்கு அந்தக் குளம் பிடிக்கவே இல்லை. பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்தவர் அவர். பேச்சுக்காரர். மாடிப்படியில் என்னைப் பார்த்தால் பத்து நிமிடமாவது நிறுத்திவைத்துப் பேசாமல் விடமாட்டார். "ரிடையர் ஆனா பொம்பளைங்க கபாலி கோவிலுக்குப் போவாங்க, வீணை கத்துப்பாங்க. எங்க வீட்ல குழி வெட்டறாங்கம்மா" என்றார். ஆன்ட்டி குளம் என்பதை அவர் கடைசிவரை குழி என்றுதான் சொன்னார்.

முரளி ஆசையாக, மீன் கடையிலிருந்து நாலைந்து கலர் மீன் வாங்கி வரட்டுமா என்று கேட்டான். ஆன்ட்டி வேண்டாமென்றுவிட்டார்.

"நாம கொண்டுவந்து விட்டா அதுக்குத் தொட்டின்னு பேரு. குளம் வெட்டினது வரைக்கும்தான் நம்ம வேலை. வர்றது வரும்."

வந்தன. முதலில் பச்சைப் பாசியும் கொசுவும்தான் வந்தன. பக்கத்து அடுக்குமாடிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஆன்ட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு தட்டான்கள் வந்தன, கொசு குறைந்தது. முதல் மழையில் தவளைகள் வந்து இரவெல்லாம் கத்தின. குளக்கொக்கு ஒன்று சரிவில் இறங்கி மரக்கட்டைபோல் நிற்கப் பழகியது. அதற்கு எதிரே ஸ்டூலில் ஆன்ட்டி. எது முதலில் அசையும் என்று போட்டி நடப்பதுபோல் இருக்கும். தவளைகளுக்குப் பின்னால் பாம்பு வந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கீழே கைக்குழந்தை அழுவதுபோல் ஒரு சத்தம் விடாமல் கேட்டது. பதறிப்போய் இறங்கினேன். குளத்தங்கரையில் தண்ணீர்ப்பாம்பு ஒன்று பெரிய தவளையின் பின்னங்கால்களைக் கவ்விப் பிடித்திருந்தது. தவளைதான் கத்திக்கொண்டிருந்தது. இரண்டு வீட்டுக்கும் வேலைக்கு வரும் தேவகி துடைப்பத்தோடு நின்றாள். ஆன்ட்டி ஸ்டூலில்.

"இன்னா ஆன்ட்டி, பாத்துக்கினு கீறீங்க? அது கத்துறது கேக்கலயா உங்களுக்கு? தட்டினா வுட்டுட்டுப் பூடும்" என்றாள் தேவகி.

"துடைப்பத்தைக் கீழ போடு."

"பாவம் ஆன்ட்டி!"

"எது?"

"தவளதான்!"

"இந்தப் பாம்பு நாலு நாளா இங்கயே சுத்திட்டு ஒண்ணும் கிடைக்காம போச்சு. அதையும் பாத்தேன் நான்."

தேவகி துடைப்பத்தைப் போட்டுவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் ஏன் போகவில்லை என்று தெரியவில்லை. இடுப்பு வரை உள்ளே போன பிறகும் தவளை முன்னங்கால்களால் மண்ணைப் பற்றி இழுத்தது. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து நின்றது. ஆன்ட்டி பைனாகுலரை இறக்கி, புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார்.

"கடைசி வரைக்கும் கண்ணை மூடல, கவனிச்சியா?" என்றார்.

அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆன்ட்டி வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு அங்கிளோடு டிவி பார்க்கும் சத்தம் கேட்டது.

பூனைக்குட்டி விஷயமும் அந்த மழைக்காலத்தில்தான். மதிலில் ஏறப் பார்த்த குட்டி ஒன்று வழுக்கிக் குளத்தில் விழுந்துவிட்டது. நான் படிகளில் தடதடவென்று இறங்கி, சேற்றில் முழங்கால் புதைய நின்று அதை எடுத்தேன். ஆன்ட்டி ஸ்டூலில்தான் இருந்தார். தலையிலிருந்து கால் வரை எனக்குக் கோபம்.

"எதிர்க்கவே உட்கார்ந்திருக்கீங்களே ஆன்ட்டி!"

"நீ எடுத்த இடத்துலேர்ந்து சரிவுக்கு ஒரு முழம்தான் இருந்தது. அந்தப் பக்கமாத்தான் வந்துட்டிருந்தது. இப்ப அந்த வழி இருக்கறது அதுக்குத் தெரியாமலே போச்சு."

"வரலைன்னா?"

"வரலைன்னா வரலை."

சில நாட்கள் கழித்து அதே குட்டி குளத்தில் செத்து மிதந்தது. செங்குத்தான மூலையில், சரிவுக்கு நேர் எதிர்ப்பக்கம். ஆன்ட்டி அதை எடுத்துப் புதைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அதற்கு வழியில்லாமல் அன்றிரவு வெகுநேரம் புரண்டுகொண்டிருந்தேன்.

இப்படியெல்லாம் சொன்னால் ஈரமில்லாத மனுஷி என்று தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் கோபாலபுரத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் ஒருநாள் பாடம் நடத்தும்போதே மயங்கி விழுந்தேன். ரத்தம் ரொம்பக் குறைவு என்றார் டாக்டர். மறுநாளிலிருந்து ஆன்ட்டி தினமும் காலையில் ஒரு சொம்பில் முருங்கைக்கீரை சூப் வைத்து மாடிக்கு எடுத்து வந்தார். வலிக்கிற முழங்கால்களோடு படியேறி வந்து, சொம்பை வைத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போவார்.

"உனக்கு உடம்பு சரியில்லைன்னு தெரியும். ஒரு மாசமா கைப்பிடியைப் பிடிச்சுட்டுத்தான் படியேறினே. நகமெல்லாம் வெளுத்துக் கிடந்தது" என்றார் ஒருநாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி?"

அவர் சொம்பை வாங்கிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தார். அவர் வேலையைப் பற்றி என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"லேப்ல ஸ்லைடைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிடும். கெட்ட வியாதியா இல்லையான்னு. ஜன்னலுக்கு வெளிய பெஞ்சுல அவங்களே உட்கார்ந்திருப்பாங்க. பிஸ்கட் சாப்பிட்டுட்டு, பக்கத்துல இருக்கறவங்களோட சிரிச்சுப் பேசிட்டு. எட்டிப் பாத்து, 'மேடம், நல்ல ரிசல்ட்டா?'ன்னு கேப்பாங்க. சொல்லக்கூடாது. டாக்டர்தான் சொல்லணும். ஆரம்பத்துல ஒருத்தருக்குச் சொல்லிட்டேன். சின்ன வயசுப் பொண்ணு, பாவமா இருந்தது, சொல்லிட்டேன். அவ டாக்டர்கிட்டயே போகல. வீட்டுக்குப் போயிட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் நான் யாருக்கும் சொன்னதில்லை."

அடுத்த வருடக் கோடையில் ஒரு சாயங்காலம் அங்கிள் என்னோடு கொல்லையில் பேசிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் ஒரு தடவை கப்பலில் வந்த குரங்கு தப்பித்து ஓடிய கதை. எனக்கு அது மனப்பாடம். பாதிக் கதையில் நிறுத்திவிட்டு, குளத்தைப் பார்த்து, "இந்தக் குழியை யாரும்மா வெட்டினது?" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. திரும்பினால் ஆன்ட்டி படியில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து அசையாமல், கண் இமைக்காமல். கொக்கைப் பார்க்கும் அதே பார்வை.

பிறகு தனியாகக் கேட்டேன். எத்தனை நாளாக இப்படி என்று.

"போன மழைக்கு முன்னாலேர்ந்து. முதல்ல சாவியை மறந்தார். அப்புறம் கிழமை. இப்ப பல் தேய்க்கப் போய் பிரஷ்ஷைக் கையில வச்சுட்டு நிக்கறார்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன். ஸ்கேன் எடுத்தாங்க. படத்தை நானே பாத்தேன்" என்றார். உடனே உள்ளே போய்விட்டார்.

அவர்களுக்கு ஒரே மகன், புனேயில் இருந்தான். அவனுக்குச் சொல்லவில்லை. ஏன் என்று முரளி கேட்டதற்கு, "சொன்னா வருவான். வந்து கேட்டைப் பூட்டுவான். அவரை ஒரு ரூம்ல உட்கார வச்சு, மாத்திரை கொடுக்க ஒரு ஆளைப் போடுவான். துறைமுகம் முழுக்கச் சுத்தின மனுஷன். பூட்டி வச்சு என்னத்தைப் பாக்கறது?" என்றார்.

காலையில் காபி குடித்ததும் அங்கிள் வெளியே கிளம்புவார். வலது பக்கம் திரும்பினால் கடைத்தெரு, பேப்பர் கடை, தெரிந்த முகங்கள். இடது பக்கம் திரும்பினால் தெரு வளைந்துபோய் ஆற்றங்கரையில் முடியும். ஆன்ட்டி கேட்டில் கைவைத்து நின்று பார்ப்பார். ஒருநாள் பள்ளிக்குக் கிளம்பியபோது, "இன்னிக்கு இடது பக்கம் போறார்" என்று என்னிடம் சொன்னார், குளத்துக்குப் புதுப் பறவை வந்திருப்பதைச் சொல்வதுபோல. அங்கிள் வளைவை நெருங்கிவிட்டிருந்தார். நான் முரளியைக் கத்திக் கூப்பிட்டேன். அவன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் அவரைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தான். அங்கிள் சந்தோஷமாக இறங்கினார். "நல்ல பையன். லிஃப்ட் கொடுத்தான்" என்று ஆன்ட்டியிடம் முரளியைக் காட்டினார்.

அன்று பெருங்குடியிலிருக்கும் தன் ஆபீசுக்குப் போகாமல் முரளி வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அந்தம்மா என்ன பண்றாங்கன்னு உனக்குப் புரியுதா? அவரை விட்டுப் பாக்கறாங்க. பாம்பு, பூனை மாதிரி புருஷனையும் விட்டுப் பாக்கறாங்க. நம்ம வீடு மாறிடலாம்."

நான் ஆன்ட்டிக்காகத்தான் பேசினேன் என்று நினைவு. என்ன பேசினேன் என்பது நினைவில்லை.

பிறகு அந்தக் குளியல். ஐப்பசி தொடங்கி, குளம் விளிம்பு வரை நிரம்பியிருந்த காலை. துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். கீழே அங்கிள் வேட்டியோடு குளத்தில் இறங்கிக்கொண்டிருந்தார். கணுக்கால், முழங்கால், இடுப்பு. ஆன்ட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பைனாகுலர் மடியில் கிடந்தது. அங்கிள் இன்னொரு அடி எடுத்துவைத்தார். பொசுக்கென்று தலை மறைந்தது.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அடுக்குமாடி ஜன்னல்கள் திறந்தன. எப்படி இறங்கினேன் என்று தெரியாது. நான் கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கிளின் தலை வெளியே வந்திருந்தது. மார்பளவு தண்ணீரில் நின்று, வாயில் நிரம்பியதை விசிறித் துப்பிவிட்டுச் சிரித்தார். ஆன்ட்டி என் பக்கம் திரும்பாமலே, நில் என்று கையைக் காட்டினார். நான் நின்றேன். அங்கிள் இன்னொரு முழுக்குப் போட்டார். இன்னொன்று. பிறகு மெதுவாகச் சரிவின் வழியே ஏறி வந்து, "துண்டு எங்கடி?" என்றார். ஆன்ட்டியின் மடியில் துண்டு தயாராக இருந்தது.

ஆன்ட்டி அவர் தலையைத் துவட்டிவிடும்போதுதான் கவனித்தேன். ஆன்ட்டி செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்திருந்தார். புடவையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகியிருந்தார்.

"இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் இவ்வளவு சிரிச்சார்" என்றார் என்னிடம்.

அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, பிடித்து உலுக்கவும் தோன்றியது. முரளி எதையும் யோசிக்கவில்லை. அன்றே மகனுக்குப் போன் செய்துவிட்டான். மகன் அழுதான், கத்தினான், மாதக் கடைசியில் லீவு போட்டு வருவதாகச் சொன்னான். ஆள் எங்கே போனாலும் போனில் காட்டிக்கொடுக்கும் வாட்ச் ஒன்றைக் கூரியரில் அனுப்பினான். அங்கிள் அதைக் கழற்றித் துளசித் தொட்டியில் புதைத்தார். ஆன்ட்டி தோண்டி எடுத்துக் கழுவி, அவர் கையில் கட்டினார். மறுநாள் அது மறுபடியும் தொட்டிக்குள் இருந்தது. மறுபடியும் கழுவிக் கட்டினார்.

மாதக் கடைசி வருவதற்குள் பெருமழை பிடித்துக்கொண்டது. மேலே ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று பேச்சு. ஆறு கரை தொட்டு ஓடியது. பள்ளிகளுக்கு இரண்டு நாள் விடுமுறை விட்டு, மூன்றாம் நாள் திறந்தார்கள். நான் இரண்டாவது பீரியட் நடத்திக்கொண்டிருந்தபோது முரளி போன் செய்தான்.

"அங்கிளைக் காணோம். உடனே வா."

தேனாம்பேட்டையில் தண்ணீர் தேங்கி ஆட்டோ நகரவே இல்லை. நான் வீட்டுக்கு வந்தபோது தெருவே ஆற்றங்கரையில் நின்றது. தீயணைப்பு வண்டி வந்திருந்தது. வாட்ச் துளசித் தொட்டியில் இருந்தது. ஆன்ட்டி நனைந்த புடவையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். தேவகி அவர் தலையைத் துவட்டிக்கொண்டே அழுதாள். இரவு கடைசி விமானத்தில் மகன் வந்தான். அம்மாவைக் கடந்து உள்ளே போனான்.

மறுநாள் காலை போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆன்ட்டியோடு நானும் போனேன். மகன் அவர் பக்கத்திலேயே நின்றான். இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். ஆன்ட்டி எல்லாம் சொன்னார். கட்டம் போட்ட சட்டை, மேல் பொத்தான் போடவில்லை. வலது காலில் மட்டும் செருப்பு. கேட்டைத் திறந்ததும் வானத்தைப் பார்த்தார், பிறகு இடது பக்கம் திரும்பினார். மதிலோரம் நின்ற நாயைத் தடவிக்கொடுத்தார். அதன் பிறகு வளைவு.

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இவ்ளோ பாத்துகினு இருந்திருக்கீங்க. ஒரு குரல் குடுக்கலையாம்மா?"

"இல்லை."

"எங்க நின்னீங்க அப்போ?"

"கேட்டைப் பிடிச்சுட்டு நின்னேன்."

மகன் வெளியே போய்விட்டான். சுவரில் கையால் ஓங்கி அடிக்கும் சத்தம் கேட்டது.

மூன்றாம் நாள் கழிமுகத்துப் பக்கம், நாணல்களுக்கு நடுவில் மீன்பிடிக்கிறவர்கள் அங்கிளைக் கண்டெடுத்தார்கள்.

காரியங்கள் முடிந்ததும் மகன் முதல் வேலையாகக் குளத்தைத் தூர்க்க ஆள் கூப்பிட்டான். அங்கிள் போனதற்கும் குளத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் யாரும் அதைச் சொல்லவில்லை. இடித்த வீடொன்றின் கல்லையும் மண்ணையும் டிராக்டர் கொண்டுவந்து கொட்டியது. முதல் நடையிலேயே கொக்கு எழுந்து போய்விட்டது. தவளைகள் சரிவில் ஏறிக் கொல்லையெங்கும் குதித்தன. காக்கைகள் மதிலில் வந்து உட்கார்ந்தன.

ஆன்ட்டி படியில் இருந்தார். கழுத்தில் பைனாகுலர் இல்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்த வாரம் அவரைப் புனேக்குக் கூட்டிப்போவதாக மகன் சொல்லியிருந்தான். எட்டாவது மாடியில் வீடு. எங்களையும் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது.

"அன்னிக்கு நான் கூப்பிட்டேன்" என்றார் ஆன்ட்டி.

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

"நாயைத் தடவிட்டு மேல நடந்தார். ஆத்துச் சத்தம் கேட்டுது. என்னால நிக்க முடியல. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு தடவை பேர் சொன்னதில்லை. அன்னிக்குச் சொன்னேன், தெருவுல நின்னு கத்தினேன். நின்னார். திரும்பிப் பாத்தார். நான் யாருன்னு தெரியல அவருக்கு. யாரோ ஒரு பொம்பளை மழையில நனைஞ்சுட்டு, தலையை விரிச்சுப் போட்டுட்டு, தன் பேரைச் சொல்லிக் கத்திட்டு வரா. பயந்துட்டார். வேகமா நடந்தார். நான் ஓடினேன். அவரும் ஓடினார். அந்த மனுஷன் ஓடி நான் பாத்ததே இல்லை. வளைவுல நான் விழுந்தேன். எழுந்து போய்ப் பாக்கறேன், அவர் தண்ணியில இறங்கிட்டிருக்கார். என்னைத் திரும்பிப் பாத்துட்டே இறங்கினார்."

புடவை விளிம்பு விலகி, அவர் முழங்காலில் பொருக்குத் தட்டிய காயம் தெரிந்தது.

"போலீஸ்ல கேட்டைப் பிடிச்சுட்டு நின்னேன்னு சொன்னீங்களே ஆன்ட்டி?"

"பையன் பக்கத்துல நின்னான்ல. அப்பா ஏதோ தெரியாம நடந்து போயிட்டார்னு இருக்கட்டும் அவனுக்கு. அம்மாவைப் பாத்து பயந்து ஓடினார்னு தெரிஞ்சா அவன் ராத்திரி தூங்குவானா? அவனுக்குக் கோபப்பட ஒரு ஆள் வேணும். நான் இருக்கேன்."

டிராக்டர் அடுத்த நடையைக் கொட்டிவிட்டுப் போனது. மகன் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எங்களிடம் வந்தான். அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"உங்ககிட்டயாவது ஏதாவது சொன்னாங்களா? அழுதாங்களா?"

ஆன்ட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றேன்.

"சொல்ல மாட்டாங்க. கல்லு" என்று சொல்லிவிட்டு, வாசல் பக்கம் திரும்பி, டிராக்டர்காரரை மறுபடியும் பின்னால் வரச் சொல்லிக் கைகாட்டினான்.

ஆன்ட்டி என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.